அட்டைப் பெட்டிக்குள் ஒரு சரக்குப் பெட்டி

அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர்கள் ‘கிட்’ என்று சொல்வது, ஒரு சரக்குப் பெட்டிக்கு வேண்டிய பாகங்கள் எல்லாம் தனித்தனியாகப் போட்டு விற்கப்படும் கையடக்கமான அட்டைப் பெட்டியைத்தான். அதைத் திறந்தால் கூரையும் நான்கு பக்கங்களும் ஒரே வார்ப்பாக வந்த ஸ்டைரீன் பிளாஸ்டிக் கூடு ஒன்று இருக்கும். அதனுடன் அடித்தளம், எடைக்காக ஓர் இரும்புத் தகடு, இரண்டு கதவுகள், கூரையின் மேல் பொருத்தும் நடைபலகை, பிரேக் பாகங்கள், நான்கு ஜோடிச் சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் இரண்டு சட்டங்கள், பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளர்கள், சில திருகுகள் ஆகியவையும் இருக்கும். இர்வ் ஆதர்ன் என்பவரின் நிறுவனம் 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் நீல அட்டைப் பெட்டிகளில் விற்ற கிட்கள் இந்த வகைக்குப் பெயர்போனவை. அவற்றில் பாகங்கள் மிகக் குறைவு என்பதால், அட்டைப் பெட்டியைக் குலுக்கினாலே வண்டி தயாராகிவிடும் என்று ஆர்வலர்கள் செல்லமாகக் கேலி செய்வதுண்டு.

உண்மையில் குலுக்குவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வேலை இருக்கிறது. கிட்டைக் கட்டுபவருக்கு முன்னால் இரண்டு வேலைகள் உள்ளன. பெட்டி தண்டவாளத்திலிருந்து இறங்காமல், மற்றப் பெட்டிகளிலிருந்து கழன்றுகொள்ளாமல் ஓட வேண்டும் என்பது முதல் வேலை. இரண்டாவது, அந்தப் பெட்டி குறிப்பிட்ட ஒரு ரயில் நிறுவனத்துக்கும் குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்கும் உரியதாக மாற வேண்டும் என்பது. கிட் தயாரிப்பாளர் ஒரே அச்சில் வார்த்த கூட்டின் மேல் இருபது நிறுவனங்களின் பெயரை அச்சிட்டு விற்பார் என்பதால், அட்டைப் பெட்டியிலிருந்து வந்தபடியே கட்டிய வண்டி பெரும்பாலும் ஏறத்தாழச் சரியாகவும் எதற்கும் முழுமையாகப் பொருந்தாமலும் இருக்கும். புதிதாக வருபவர்கள் வழக்கமாக இரண்டாவது வேலையில் ஆசைப்பட்டு முதலாவதைக் கோட்டை விடுகிறார்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மிகப் பரவலாக உள்ள எச்.ஓ. அளவில், நிஜத்தின் ஓர் அடி மாதிரியில் 3.5 மில்லிமீட்டர் ஆகும். அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. எனவே 1,435 மி.மீ. அகலமுள்ள தண்டவாளம் 16.5 மி.மீ. ஆகிறது, 40 அடி நீளமுள்ள மூடிய சரக்குப் பெட்டி, அதாவது பாக்ஸ்கார், 140 மி.மீ. ஆகிறது. ஏறக்குறைய ஒரு பேனாவின் நீளம்தான். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கச் சரக்கு ரயில்களை நிறைத்திருந்தது இந்தப் பாக்ஸ்கார்தான். முதன்முதலாகக் கட்டுவதற்கும் அதுவே ஏற்றது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழில் நாம் ரயில் பெட்டி முழுவதையுமே ‘போகி’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் அந்தச் சொல் உண்மையில் பெட்டிக்கு அடியில் இரண்டு அச்சுகளையும் நான்கு சக்கரங்களையும் தாங்கித் தனியாகத் திரும்பும் சட்டத்தைக் குறிப்பது. அமெரிக்கர்கள் அதையே ‘ட்ரக்’ என்கிறார்கள். கிட்டின் விளக்கத்தாளில் ட்ரக் என்று வரும் இடத்தில் லாரியை நினைத்துக்கொள்ளாமல் இந்தச் சட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்தின் தரம் முழுவதும் இந்த ட்ரக்கில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு ட்ரக்கும் அடித்தளத்தில் உள்ள ஒரு மேடையின் மேல் ஒற்றைத் திருகால் பிடிக்கப்படுகிறது. அந்தத் திருகுகள் இரண்டையும் இறுக்கிவிட்டால், தண்டவாளத்தில் சிறு மேடு பள்ளம் வந்தாலும் ஏதோ ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கி நிற்கும். அது பாதை பிரியும் பாயின்ட்டாக இருந்துவிட்டால் பெட்டி கவிழும். இரண்டையும் தளர்த்திவிட்டாலோ பெட்டி நடக்கும்போதெல்லாம் பக்கவாட்டில் தள்ளாடும். இதற்கான தீர்வு நம் வீட்டு முக்காலியில் இருக்கிறது: எவ்வளவு கரடுமுரடான தரையிலும் முக்காலி ஆடுவதில்லை, நாற்காலிதான் ஆடுகிறது. எனவே ஒரு முனையில் உள்ள ட்ரக்கை இடவலமாகத் திரும்ப மட்டும் முடிகிற அளவுக்கு இறுக்கி, மறு முனையில் உள்ளதைத் திரும்பவும் எல்லாத் திசைகளிலும் இலேசாகச் சாயவும் முடிகிற அளவுக்குத் தளர்வாக விட வேண்டும். அப்போது இறுகிய முனை இரண்டு கால்களாகவும் தளர்ந்த முனை ஒற்றைக் காலாகவும் அமைந்து, எட்டுச் சக்கரமும் தண்டவாளத்திலேயே படிந்திருக்கும். ஒரு திருகை அரைச் சுற்று தளர்த்துவதால் தீரும் சிக்கலுக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்டவர்கள் உண்டு.

சக்கரங்களின் விட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 50 டன், 70 டன் சுமை ஏற்றும் வகைப் பெட்டிகளுக்கு நிஜத்தில் 33 அங்குலச் சக்கரம், எச்.ஓ.-வில் 9.6 மி.மீ.; பின்னாளில் வந்த 100 டன் பெட்டிகளுக்கு 36 அங்குலம், எச்.ஓ.-வில் 10.5 மி.மீ. பழைய கிட்களில் வரும் பிளாஸ்டிக் சக்கரங்களை எடுத்துவிட்டு உலோகச் சக்கரங்களைப் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் மாற்றம். அவை வட்டம் பிசகாதவை. எடை சிறிது கூடும். அந்த எடையும் கீழேயே அமையும்.

அடுத்தது எடை. இலேசான பெட்டி நீண்ட ரயிலின் நடுவில் மாட்டிக்கொண்டால், வளைவில் முன்னும் பின்னும் இழுபடும் விசை அதை உட்பக்கமாகச் சாய்த்துவிடும். எல்லாப் பெட்டிகளிலும் அளவுக்கு மீறி எடை ஏற்றினால் இன்ஜின் ஏற்றத்தில் நின்றுவிடும். 1935-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஒரு கணக்கைப் பரிந்துரைத்துள்ளது: எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படை 1 அவுன்ஸ், அதற்கு மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் 40 அடிப் பெட்டியின் 140 மி.மீ. என்பது ஐந்தரை அங்குலம், ஆகவே 2.75 அவுன்ஸும் அடிப்படை 1 அவுன்ஸும் சேர்ந்து 3.75 அவுன்ஸ், அதாவது சுமார் 106 கிராம் இருக்க வேண்டும். எல்லாப் பாகங்களையும் கூட்டுக்குள் போட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்து, தராசு 85 காட்டினால் 21 கிராம் சேர்த்தால் போதும். டயர் கடைகளில் கார்ச் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் 5 கிராம் துண்டுகள் இதற்கு மிகவும் வசதியானவை. அவற்றை இரு முனைகளுக்கும் சமமாகப் பிரித்து, இயன்றவரை தாழ்வாக ஒட்ட வேண்டும். மேல் திறந்த பெட்டியிலும் தட்டைப் பெட்டியிலும் எடையை மறைக்க இடம் கிடையாது என்பதால், அவை முதல் கிட்டுக்கு ஏற்றவை அல்ல.

பசையைப் பற்றி என் அனுபவம் ஒன்று. ஸ்டைரீனுக்குரிய பசை, மரத்துக்கான பசையைப் போல இடையில் நின்று ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக உருக்குகிறது. தண்ணீர்போல ஓடும் திரவ வகையைத் தூரிகை நுனியில் தொட்டு இணைப்புக் கோட்டில் வைத்தால் அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். என் முதல் பெட்டியில் நான் குழாயில் வரும் கெட்டிப் பசையைத் தாராளமாகப் பிதுக்கி எடைத் தகட்டை ஒட்டி, அது காய்வதற்கு முன்பே அடித்தளத்தையும் மூடிவிட்டேன். வெளியேற வழியில்லாத பசையின் ஆவி உள்ளேயே தங்கி, ஒரு வாரத்தில் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கன்னம் ஒட்டியதுபோல உள்வாங்க வைத்துவிட்டது. எடையை ஒட்ட இரட்டைப் பக்க ஒட்டுப்பட்டையோ சிலிக்கோன் பசையோ போதும். மூடுவதற்கு முன் ஓரிரு நாள் திறந்தே வைப்பது நல்லது.

இனிக் கப்ளர். கிட்டோடு பழைய நாளில் வந்த கொம்பு வடிவக் கப்ளரை நிஜத்தில் எந்த ரயிலிலும் பார்க்க முடியாது. நிஜ அமெரிக்கக் கப்ளர், இரண்டு கைகள் விரல்களை மடக்கிக் கோத்துக்கொள்வது போன்ற அமைப்பு. ஈலை ஜேன்னி என்பவர் அதற்கு 1873-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய முறையில் தொழிலாளி பெட்டிகளுக்கு நடுவில் நின்று இரும்பு வளையத்தில் முளையைச் செருக வேண்டியிருந்ததால் கைவிரல்களையும் உயிரையும் இழந்தவர்கள் ஏராளம். தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளரையும் கைப்பிடிக் கம்பிகளையும் கட்டாயமாக்கிய அமெரிக்கச் சட்டம் 1893-இல் வந்தது. இந்தியச் சரக்குப் பெட்டிகளுக்கு நடுவில் இன்று காணப்படும் கப்ளரும் இந்த மரபில் வந்ததுதான்.

மாதிரியில் இந்த வடிவத்தை வேலை செய்யும் கப்ளராகக் கொடுத்தது கேடீ என்ற ஆரிகன் மாநில நிறுவனம். கீத், டேல் என்ற இரட்டைச் சகோதரர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளே நிறுவனத்தின் பெயராயின. கப்ளரின் அடியில் தொங்கும் வளைந்த கம்பி, தண்டவாளங்களுக்கு நடுவில் பதித்த காந்தத்தின் மேல் வரும்போது இழுபட்டுப் பூட்டைத் திறக்கிறது. இந்தக் கப்ளரின் நடுப்பகுதி தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து ஓர் அங்குலத்தில் 64-இல் 25 பங்கு, அதாவது 9.9 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் மேட்டில் ஏறும்போது ஒன்று மற்றொன்றுக்கு அடியில் நழுவி, ரயிலின் பின்பாதி தனியாக உருண்டு வரும். இதற்கென்றே உள்ள உயர அளவியைத் தண்டவாளத்தில் வைத்துப் பெட்டியை அதன் அருகே தள்ளிப் பார்த்து, தாழ்ந்திருந்தால் ட்ரக்குக்கும் மேடைக்கும் இடையில் 0.25 அல்லது 0.38 மி.மீ. வாஷர் ஒன்றைச் செருக வேண்டும். அதே கப்ளர் தன் சிறு உறைக்குள் தடையின்றி இருபுறமும் ஆடித் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்பதையும் விரல் நுனியால் தள்ளிப் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பெட்டியை வளைவிலும் பாயின்ட்டிலும் பின்னோக்கித் தள்ளிச் சோதித்த பிறகே அழகு வேலைக்குப் போகலாம்.

மாற்றம் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள எளிய வழி, ஒரே கிட்டில் இரண்டு வாங்கி, ஒன்றை 1955ஆம் ஆண்டுப் பெட்டியாகவும் மற்றொன்றை 1972ஆம் ஆண்டுப் பெட்டியாகவும் கட்டிப் பார்ப்பது. புல்மன் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1947 முதல் தயாரித்த பி.எஸ்-1 என்ற 40 அடிப் பாக்ஸ்காரை எடுத்துக்கொள்வோம். பல ரயில் நிறுவனங்கள் அதை வாங்கின. கூடு ஒன்றுபோல இருந்தாலும், ஒரு நிறுவனம் 6 அடிக் கதவையும் இன்னொன்று 8 அடிக் கதவையும் கேட்டது. கதவின் தகட்டு மடிப்புகள்கூட அதைச் செய்தவரைப் பொறுத்து வேறுபட்டன. ஆகவே எதையும் வெட்டுவதற்கு முன், நமக்கு வேண்டிய நிறுவனத்தின் பெட்டியுடைய புகைப்படம் ஒன்றாவது, அதுவும் எடுத்த ஆண்டு தெரிந்த புகைப்படமாக, கையில் இருக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் கத்தியைவிட அதிகம் உழைக்கும் கருவி அதுதான்.

இரண்டு பெட்டிகளுக்கும் முதல் வேறுபாடு கூரையில். காற்று பிரேக் வருவதற்கு முந்தைய காலத்தில் பிரேக்மேன்கள் ஓடும் ரயிலின் கூரை மேலேயே நடந்து ஒவ்வொரு பெட்டியின் கைப்பிரேக்கையும் சுழற்றினார்கள். அந்தக் கூரை நடைபலகை பின்னாளிலும் கை சைகை காட்டுவதற்காகத் தொடர்ந்தது. 1966 முதல் புதிய பாக்ஸ்கார்கள் நடைபலகை இல்லாமல் வரத் தொடங்கின. பழையவற்றிலிருந்து அது சில ஆண்டுகளில் படிப்படியாக நீக்கப்பட்டது. எனவே 1955 பெட்டியில் கிட்டின் கனத்த பிளாஸ்டிக் பலகையை எடுத்துவிட்டு மெல்லிய உலோகக் கண்ணறைப் பலகையைப் பொருத்தலாம். 1972 பெட்டியில் பலகையை அறவே விட்டுவிட்டு, கூரையில் அதற்கான துளைகளை ஸ்டைரீன் குச்சியால் அடைத்துத் தேய்க்க வேண்டும். கூரைக்கு ஏறும் தேவை போய்விட்டதால் ஏணிகளின் மேற்பாதியும் வெட்டப்பட்டது. பல பெட்டிகளில் கைப்பிரேக் சக்கரம் உயரத்திலேயே இருந்த மூலையில் மட்டும் ஏணி முழுமையாக நின்றது. அடிப்பக்கத்தில் பிரேக் சிலிண்டர், காற்றுத் தொட்டி, வால்வு என மூன்று தனிப் பாகங்கள் தெரிந்தால் அது 1933-இல் அறிமுகமான ஏ.பி. பிரேக், இரண்டு பெட்டிகளுக்கும் அதுவே சரி. இரும்புப் பட்டைகளால் கட்டிய பழைய ‘ஆர்ச் பார்’ ட்ரக்கை இந்த இரண்டில் எதிலும் போடக் கூடாது. நிறுவனங்களுக்கிடையே பெட்டிகள் போய்வரும் போக்குவரத்தில் 1940களின் தொடக்கத்திலேயே அது தடை செய்யப்பட்டுவிட்டது.

கைப்பிடிக் கம்பி மாற்றுவது கையின் பொறுமையைச் சோதிக்கும் வேலை; செய்து முடித்தால் கண்ணுக்கு முதலில் தெரிவதும் அதுதான். கிட்டின் கூட்டில் கைப்பிடிகள் பக்கச் சுவரோடு ஒட்டிய வரம்புகளாக வார்க்கப்பட்டிருக்கும். அவற்றை யாரும் பிடித்து ஏற முடியாது. முதலில், வார்த்த கைப்பிடியின் இரு முனைகளிலும் ஊசி நுனியால் ஒரு புள்ளி குத்திக்கொள்ள வேண்டும். செதுக்கிய பிறகு குறிக்கலாம் என்று விட்டால் இடம் தெரியாமல் போய்விடும். பிறகு உளிபோல் தட்டையான முனையுள்ள கத்தியால் மெல்லிய சீவல்களாகச் செதுக்க வேண்டும். பக்கத்தில் உள்ள ஆணித் தலைகளின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி வைத்தால் அவை தப்பும். புள்ளிகளில் 0.34 மி.மீ. துளைமுனையால், விரலால் சுழற்றும் கைப்பிடியில் பொருத்தி, கீழ்நோக்கி அழுத்தாமல் துளையிட வேண்டும். முனையைச் சோப்பில் ஒரு முறை தொட்டுக்கொண்டால் பிளாஸ்டிக் உருகி ஒட்டாது. 0.32 மி.மீ. வெண்கலக் கம்பியை, நிஜத்தின் 18 அங்குல அகலத்துக்கு ஈடான 5.25 மி.மீ.-க்கு வளைத்துத் துளைகளில் செருகி, சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் 0.6 மி.மீ. தடிப்புள்ள அட்டைத் துண்டு ஒன்றை வைத்து உள்ளே அழுத்த வேண்டும். நிஜத்தில் கை நுழைவதற்கு விட்ட இரண்டு அங்குல இடைவெளி அந்த அட்டையின் தடிப்பால் எல்லாக் கம்பிகளுக்கும் ஒன்றுபோல அமையும். உட்புறத்தில் ஒரு சொட்டு ‘சூப்பர் குளூ’ எனப்படும் சயனோஅக்ரிலேட் பசை வைத்தபின் அட்டையை உருவிவிடலாம். முதல் பெட்டிக்கு ஒரு மாலைப் பொழுது ஆகும்; இரண்டு மூன்று துளைமுனைகளும் உடையும்.

வண்ணம் பூசுவதற்கு முன் கூட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கையும் விரல் கறையையும் போக்க வேண்டும். பாக்ஸ்கார்களின் வழக்கமான சிவப்பு, நம்மூர்க் காவியைப் போலவே இரும்பு ஆக்சைடுதான். மலிவானது, வெயிலுக்கு வெளுக்காதது என்பதற்காகவே ரயில் நிறுவனங்கள் அதைத் தேர்ந்தன. ஆனாலும் ஒவ்வொரு நிறுவனத்தின் காவியும் ஒவ்வொரு சாயல். எழுத்துகளுக்கு நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால். பளபளப்பான பரப்பில்தான் டெக்கால் படியும். மங்கிய வண்ணத்தின் மேல் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி போல மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டெக்கால், அதை மென்மையாக்கி ஆணித் தலைகளின் மேல் படியவைக்கும் திரவம், கடைசியில் மங்கல் வார்னிஷ் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

பெட்டியின் பக்கத்தில் உள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு அவற்றின் மேல் ஒரு தனி ஈடுபாடு வந்துவிடும். உரிமையாளரைக் குறிக்கும் எழுத்துகள் ‘எக்ஸ்’ என்று முடிந்தால் அந்தப் பெட்டி ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமானதல்ல, தனியாருடையது. கீழே பெட்டியின் வெறும் எடையும் ஏற்றக்கூடிய உச்ச எடையும் பவுண்டில் எழுதப்பட்டிருக்கும். 1955-இல் ஓடிய 50 டன் பெட்டி ஒன்றில் இவை இரண்டையும் கூட்டினால் 1,69,000 வர வேண்டும், ஏனெனில் அதன் நான்கு அச்சுகளும் தாங்கும் மொத்த எடை அதுதான். வெறும் எடை 45,400 என்றால் உச்ச எடை 1,23,600. பழுதுபார்ப்பாலும் தேய்மானத்தாலும் வெறும் எடை மாறுவதால், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பெட்டியை மீண்டும் எடைபோட்டு, பழைய எண்ணின் மேல் வண்ணத்தை அடித்து, புதிய எண்ணையும் எடைபோட்ட இடத்தின் குறியையும் தேதியையும் எழுதினார்கள். ஆகவே 1950-இல் கட்டிய பெட்டி 1955-இல் பிறந்த நாள் எடையையே காட்டினால் அது தவறு. சுற்றிலும் உள்ளதைவிடப் புதிதாகத் தெரியும் சிறு காவிச் சதுரம் ஒன்றை அடித்து, அதன் மேல் 6-54 என்ற தேதியுள்ள டெக்காலை ஒட்டினால் போதும். 1972 பெட்டியின் பக்கத்தில், 1967-இல் வந்து 1977-இல் கைவிடப்பட்ட வண்ணக்கோட்டு அடையாளப் பட்டை ஒன்றும் வேண்டும். தண்டவாள ஓரத்துக் கருவி ஓடும் பெட்டியை அடையாளம் காண வைத்த அந்தப் பட்டை, அழுக்கு படிந்ததும் படிக்க முடியாமல் போனது. அதனால் மாதிரியிலும் அதைக் கொஞ்சம் அழுக்காக்கி வைப்பதே பொருத்தம்.

ஸ்டைரீனில் வராத அரிய பெட்டிகளுக்கு ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்த கிட்கள் உண்டு. அவற்றில் நான்கு சுவர்களும் தனித்தனித் தட்டைத் துண்டுகளாக வருவதால் மூலைகளைச் செங்கோணமாகச் சேர்ப்பதே பெரிய வேலை. ஐந்தாறு ஸ்டைரீன் பெட்டிகள் கைவந்த பிறகு அந்தப் பக்கம் போவது நல்லது. ரெசினைத் தேய்க்கும்போது ஈரத்தில் தேய்க்க வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கடைசியாகப் பழமையேற்றுவது. 1972-இல் 40 அடிப் பாக்ஸ்கார்கள் பல, அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியில் தானியம் ஏற்றும் கடைசிக் காலப் பணியில் இருந்தன. மேனி முழுவதும் துருவும் கதவோரத்தில் தானியத் தூசியுமாக அவை புகைப்படங்களில் தெரிகின்றன. 1955 பெட்டியோ ஐந்தே வயதானது. கூரையில் புகைக்கரியும் அடிப்பகுதியில் பாதைத் தூசியும் மட்டும் போதும். வண்ணத்தூளைத் தூரிகையால் மேலிருந்து கீழாக, மழைநீர் வழிந்த திசையிலேயே இழுக்க வேண்டும். இந்தத் தூள் கப்ளருக்குள்ளும் அச்சு முனைகளிலும் புகுந்து முன்பு சரிபார்த்ததையெல்லாம் கெடுத்துவிடும் என்பதால், வேலை முடிந்ததும் கப்ளரில் கொஞ்சம் கிராஃபைட் தூளை ஊதி, உயர அளவியின் அருகே பெட்டியை இன்னொரு முறை தள்ளிப் பார்த்துவிட்டே ரயிலில் கோக்க வேண்டும்.